மாமன் சீரில் போர் விமானம்

எனக்குப் பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். சுவிட்சைப் போட்டு இரண்டு நொடி சத்தம் கேட்டால் போதும், பேரிங் போயிருக்கிறதா, காயில் எரிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதே காதை வைத்துக்கொண்டு மேகத்துக்கு மேலே போகிற விமானம் என்ன ரகம் என்றும் சொல்வேன். முதல் வித்தை சோறு போடுகிறது. இரண்டாவது வித்தையால் என் ஒரே தங்கச்சி என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. ரயிலைப் பார்க்கவே அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும். "கூரை ஏறி கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று என் மனைவி எனக்காகவே ஒரு பழமொழியைக் கைவசம் வைத்திருக்கிறாள். எங்கே ஏர் ஷோ நடந்தாலும், நான் பையைத் தூக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் வழியனுப்புவாள்.

அந்த நாளில் ஏர் ஷோ நடக்கப்போவது தெரிவதே பெரும்பாடு. பேப்பரின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே நாலு வரி வரும். அதையும் பாதி நேரம், நிகழ்ச்சி முடிந்த பிறகு வடை மடித்துக் கொடுத்த தாளில்தான் படித்திருக்கிறேன். தெரிந்துபோய் ஊர் விட்டு ஊர் பஸ் மாறிப் போனால், மைதானத்தில் என்னை மாதிரி அரைக்கிறுக்கு ஐம்பது அறுபது பேர், பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டி வந்த பிள்ளைகள், ஐஸ் வண்டிக்காரர். அவ்வளவுதான் கூட்டம்.

ஆனால் விமானத்தின் கிட்டே போகலாம். சக்கரத்தைத் தொடலாம். முதல் தடவை போனபோது நான் ஒரு போர் விமானத்தின் அடியில் குனிந்து நின்று, எஞ்சின் வாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பைலட் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொல்லி வயிற்றுக்கு நேரே கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அவர் எனக்குப் பசிக்கிறது என்று நினைத்து ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். எறும்புதான் தின்றது.

கேமராவில் முப்பத்தாறு படம் எடுக்கும் பிலிம் ரோல். கழுவி வந்தபோது முப்பத்தொன்றில் வெறும் வானம், நான்கில் முன்னால் நின்றவரின் மண்டை, ஒன்றில் காக்காய். அந்தக் காக்காயை ஏதோ ரஷ்ய விமானம் என்று நம்பி ஒரு வருஷம் நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன்.

இப்போது எல்லாம் தலைகீழ். மாதக்கணக்கில் முன்பே செல்போனில் தகவல் வந்துவிடுகிறது. பாஸுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். பத்து மணிக்குத் திறக்கும், மூக்கைச் சிந்திவிட்டுப் பார்த்தால் மூடியிருக்கும். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் யானைத் தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார். அதைத் தூக்க ஒரு ஆள், அவருக்குக் குடை பிடிக்க ஒரு ஆள். கடற்கரையில் நடத்தினால் ஊரே குடும்பத்தோடு வருகிறது. புளிசாதம், பாய், கைக்குழந்தை, பலூன். விமானம் தலைக்கு மேல் வரும் நேரத்தில் ஆயிரம் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். விமானம் பார்க்க வந்து விமானத்துக்கு முதுகு காட்டும் கூட்டத்தை அங்கேதான் பார்த்தேன். சக்கரத்தைத் தொடுவதாவது, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது விமானமா தண்ணி லாரியா என்று தெரிந்தாலே புண்ணியம்.

குறை சொல்லிப் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது அவர்கள் பறக்கிற பறப்பு முன்னே நான் பார்த்ததைவிட எவ்வளவோ மேல். செங்குத்தாக ஏறி, வாலில் நின்று, இலை மாதிரி திரும்பி விழுகிறார்கள். பார்த்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் தூசியா என்று கேட்பார், ஆமாம் என்பேன்.

தங்கச்சி கதைக்கு வருகிறேன். அவளைத் திருமானூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் குழந்தை பெண். அதற்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் மாமன்தான் கொண்டுவர வேண்டும். எனக்கு அது தெரியாதா? தோடு வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் பெங்களூரில் ஏர் ஷோ. பார்த்துவிட்டு ராத்திரி பஸ் ஏறினால் விடிந்ததும் வந்துவிடலாம் என்று கணக்கு. அன்றைக்குப் பார்த்து வானம் மூடிக்கொண்டது. நாளைக் காலையில் கடைசி விமானம் பறக்கும் என்று மைக்கில் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை, பார்த்துவிட்டே போவோம் என்று தங்கினேன். காலையிலும் மேகம் விலகவில்லை. நான் திருமானூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மாமனாக உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு அத்தை காதிலிருந்து கழற்றிய தோட்டைக் குழந்தைக்குப் போட்டிருக்கிறார்கள். தோடு அதன் தோள் வரைக்கும் தொங்கியது. என் பையில் இருந்த சின்னத் தோட்டை எடுத்து நீட்டினேன். தங்கச்சி வாங்கவில்லை.

"பிளேன் பாத்தியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

பறக்கவில்லை என்று சொல்லாமல் தோட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்தக் காது குத்துப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு அவள் வீட்டு ஷோகேஸில் வைத்தாள். நான் எப்போது போனாலும் அதற்கு நேர் எதிரில்தான் எனக்கு நாற்காலி போடுவாள்.

அந்தக் குழந்தைக்குத்தான் போன வருஷம் கல்யாணம். போனில் தேதி சொன்னாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு சென்னைக் கடற்கரையில் ஏர் ஷோ. பத்து மணிக்குத் திறந்து மூடிய அந்தப் பாஸ், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கிடைத்து, போனில் கட்டம் கட்டமாக மின்னிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே சத்தத்தைக் காணும்? அன்னைக்கு எங்கயாச்சும் பிளேன் வுடுறானுவளா?"

"சேச்சே. இல்லம்மா."

"இருந்தாலும் சொல்லிடறேன். கோயில் வாசல்ல மாமன் மாலை போட்டு, புள்ள கையப் புடிச்சி மண்டபத்துக்கு நீதான் அழைச்சாரணும். இந்தத் தடவையும் வேற ஆளு நின்னா, உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. நான் செத்தாலும் நீ வர வேணாம்."

போனை வைத்த கையோடு பாஸை அழித்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன், அது நிஜம். ஆனால் அழித்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நான் நல்லவன். பத்திரிகை வைக்கத் திருமானூர் பக்கம் போனபோது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வாய் சும்மா இருக்காமல் ஒன்று சொல்லிவிட்டேன். தெற்கேயிருந்து கிளம்பும் விமானங்கள் சென்னைக்குப் போகிற வழியில், கல்யாணத்தன்று காலையில் கொள்ளிடத்தைத் தாண்டி நம் தலைக்கு மேலேயே போகலாம் என்று வாட்ஸப் குழுவில் பேசிக்கொண்டார்கள். அதைத்தான் சொன்னேன். போகலாம் என்றுதான் சொன்னேன். டீ ஆறுவதற்குள் அது போகும் என்று ஆகி, நான் பஸ் ஏறுவதற்குள் "மாமன் சீரா போர் விமானம் எறக்குறாராம்" என்று ஆகிவிட்டது.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஜெயங்கொண்டம் பக்கம், கொஞ்சம் வசதி. அவர்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். நிச்சயதார்த்தத்தில் அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஹெலிகாப்டருக்குப் பதில் போர் விமானம் என்றதும் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைக் கேட்காமலே பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதைப் பார்த்தேன். மண்டபத்து உயரத்துக்கு நின்றது. 'தாய்மாமன் சீர்வரிசை: வானில் போர் விமான அணிவகுப்பு.' கீழே ஒரு விமானம். இரண்டு மாடி, பயணிகள் விமானம். ஜன்னலுக்கு ஒருவராகச் சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மூக்கில், பைலட் இடத்தில், கறுப்புக் கண்ணாடியோடு நான். ஊர் சிரிக்கப்போகிறது என்ற பயத்தைவிட, விமானம் தப்பாக இருக்கிறதே என்ற கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"போர் விமானத்துக்கு ஏதுங்க இத்தனை ஜன்னல்?"

கடைக்காரர் அசரவில்லை. "சார், போர் விமானத்துல எத்தினி பேரு உக்காரலாம்?"

"ஒருத்தர். மிஞ்சிப்போனா ரெண்டு பேர்."

"உங்க சொந்தக்காரங்க நாப்பது பேரு சார். மிச்சம் முப்பத்தெட்டு பேரை நான் றெக்கையிலயா உக்கார வைக்கிறது?"

மறுநாள் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு ஒரு ஏட்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

"பிளேனுக்கு பர்மிஷன் வாங்கியாச்சா?"

"சார், அது அதுபாட்டுக்குப் போவுது. நான் கூப்பிடல."

"மைக் செட்டுக்கே பர்மிஷன் வாங்கணும். பிளேனுக்கு வேணாமா? மைக் செட்டைவிடச் சத்தமா இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும் சார்."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி விமானங்களுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' அவர் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வரும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் இடமில்லை. பத்திரிகை வைத்தவர்கள், வைக்காதவர்கள், கரும்பு வெட்டப் போகிற வழியில் இறங்கியவர்கள், பிள்ளைகளோடு ஏட்டு. மாடியில் ஆள், வேப்ப மரத்தில் ஆள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டரைக்கே பெண்ணைக் கூட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்திவிட்டோம். மாலை என் கையில் தயார். எட்டே முக்கால். ஒன்பது. ஒன்பதே கால். வானத்தில் ஒரு பருந்து மட்டும் சுற்றியது. அதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது. மண்டபத்திலிருந்து ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் மாலையோடு முன்னால் போனபோது மாப்பிள்ளையின் சித்தப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"இருங்க சம்பந்தி, பிளேன் வந்துடட்டும். மேல பிளேன், கீழ மாலை, ஒரே போட்டோவுல வரணும். டிரோன்காரரு ரெடியா இருக்காரு."

இருபது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் நின்றதுபோலவே, வராத விமானத்துக்காக மறுபடியும் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத் தனியாக நின்றேன், இன்றைக்கு ஊரையே கூட நிறுத்தி வைத்திருக்கிறேன். தங்கச்சியைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். காது குத்தன்று பார்த்த அதே பார்வை.

"வருமா வராதாண்ணே? ஒண்ணு சொல்லு. புள்ளைக்கு நேரம் போவுது."

"வராது. நான் ஒண்ணும் ஏற்பாடு பண்ணல. சும்மா வாயி வளத்துட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா, "அப்ப ஹெலிகாப்டர்தான் மேல்" என்றார். தங்கச்சி வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மானம் போனது போனதுதான். நான் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணிடம் போய் மாலையைத் தூக்கினேன்.

அப்போது தெற்கே, கொள்ளிடத்துப் பக்கம், சத்தம் கேட்டது.

முதலில் தூரத்து இடி மாதிரி. பிறகு நெருங்கி வந்தது. மூன்று எஞ்சின்கள், ஒன்று கொஞ்சம் பின்னால். என் காதுக்கு எல்லாம் தெரிந்தது. கூட்டம் ஒரே மூச்சில் அண்ணாந்தது. மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேலே பார்த்தார். போட்டோக்காரர், வீடியோக்காரர், டிரோன்காரர் எல்லாருடைய கேமராக்களும் வானத்துக்குத் திரும்பின. இத்தனை போன்கள் ஒரே நேரத்தில் உயர்ந்ததைத் திருமானூர் பார்த்திருக்காது. ஏட்டு விசில் அடித்தார். மண்டபத்துக்குள்ளிருந்து ஐயரே வெளியே ஓடி வந்தார்.

என் கழுத்து தானாக மேலே போகப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் உயிர் போய்விட்டது. கையில் மாலை, மாலைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் முகம். அவளும் மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பிளேனு" என்றாள், எனக்குத் தெரியாதோ என்பதுபோல.

"தெரியுது. நீ கொஞ்சம் குனி. மாலை ஜடையில மாட்டுது."

போட்டேன். அவள் கையைப் பிடித்தேன். தலையெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தைப் பார்த்து நடந்தோம். சத்தம் தலைக்கு மேலே வந்து, வடக்கே போய், தேய்ந்தது. கூட்டம் கீழே பார்த்தபோது கோயில் வாசலில் பெண்ணைக் காணோம். ஐந்து நிமிஷம் தேடியிருக்கிறார்கள். நாங்கள் மேடையில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மாதம் கழித்து ஆல்பம் வந்தது. தங்கச்சி கூப்பிட்டனுப்பினாள். ஷோகேஸுக்கு எதிரில், அதே நாற்காலி. பக்கம் பக்கமாகத் திருப்பினாள். கோயில் வாசல் வந்தது. ஒரு முழுப் பக்கத்துக்கு நீல வானம், அதில் மூன்று புள்ளி. அடுத்த பக்கத்திலும் வானம். என் பழைய பிலிம் ரோலே திரும்பி வந்ததுபோல இருந்தது.

"மாலை போட்டது எங்கண்ணே? நீ ஒண்ணுலயும் இல்லியே."

இந்தத் தடவையும் நான் படத்தில் இல்லை. வீடியோவிலும் வானம்தான் என்று ஏற்கெனவே தெரியும்.

அவள் இன்னொரு பக்கம் திருப்பினாள். வீடியோக்காரரின் உதவியாள் எடுத்த கூட்டத்துப் படம் ஒன்று. நூறு மோவாய்கள். நடுவில் ஆரத்தித் தட்டைச் சாய்த்துப் பிடித்து, வாயைப் பிளந்துகொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஒருத்தி. என் தங்கச்சி. படத்தின் இடது ஓரத்தில், மாலையோடு உயர்ந்து நிற்கும் ஒரு முழங்கை.

ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். தட்டிலிருந்து ஆரத்தித் தண்ணீர் அவள் புடவையில் கொட்டுவதுகூடப் படத்தில் தெரிந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது என்ன பிளேனு?"

இருபது வருஷத்தில் அவள் என்னிடம் விமானத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. ரகம் என் காதுக்கு அன்றைக்கே தெரியும்.

"தெரியாதும்மா. நான் பாக்கல."

போன வாரம் போயிருந்தேன். ஷோகேஸில் காது குத்துப் போட்டோ இல்லை. அந்த இடத்தில் அவள் வாயைப் பிளந்து நிற்கிற படம் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் இடது ஓரத்தில் விரலை வைத்து, "இது எங்கண்ணன் கை" என்று காட்டுகிறாள்.